வேலையைக் காப்பாற்ற ஒரு திட்டம்: லூக்காஸ் தொழிலாளர்களின் கதை

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. அடுத்த ஜனவரியில் கூகுள் 12,000 பேரை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்த நாட்களில் நாங்கள் நண்பர்கள் கூடினால் ஒரே கதைதான். ஐ.ரி. துறையில் இருப்பவர்கள் மட்டுமல்ல, இன்னும் கெம்பசில் படித்துக்கொண்டிருப்பவர்களும் அதையே கதைத்தார்கள். கிடைத்த அறிவுரைகளும் ஒரே மாதிரித்தான் இருந்தன. "புதுசா ஒரு கோர்ஸ் செய்." "மனேஜரின்ர கண்ணில படுற மாதிரி நில்." "இப்ப லீவு கேக்காத."

இவற்றில் பிழை ஒன்றுமில்லை. எங்களில் சிலர் அப்படியே செய்தும் இருக்கிறோம். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் இந்த அறிவுரைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கணக்கு இருப்பது தெரியும். பத்துப் பேரில் மூன்று பேரை நிறுத்தப்போகிறார்கள் என்றால், நான் எவ்வளவு படித்தாலும் அந்த மூன்று குறையப்போவதில்லை. நான் தப்பினால் பக்கத்துக் கதிரையில் இருக்கிறவர் போவார். அவ்வளவுதான். அந்த 'மூன்று' என்ற எண்ணை யார் தீர்மானிக்கிறார்கள், அது சரிதானா என்ற கேள்வியை நாங்கள் கேட்பதே இல்லை.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிரித்தானியாவில் ஒரு கூட்டம் தொழில்நுட்பத் தொழிலாளர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 

லூக்காஸ் என்பது பேர்மிங்காமைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய கம்பனி. கார்களுக்கான மின் உதிரிப்பாகங்களால் பெயர் எடுத்தது. அதன் ஒரு பிரிவான லூக்காஸ் ஏரோஸ்பேஸ் விமானங்களுக்கான மின்பிறப்பாக்கிகள், எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவிகள் போன்ற நுட்பமான பாகங்களைச் செய்தது. அதன் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி இராணுவத் தேவைகளுக்கானது. 1970களின் தொடக்கத்தில் கம்பனி தன் தொழிற்சாலைகளை 'ஒழுங்குபடுத்த'த் தொடங்கியது. அதன் அர்த்தம் ஆட்குறைப்பு. 1973இல் எண்ணெய் விலை ஏறி, அதைத் தொடர்ந்து பொருளாதார மந்தமும் வந்தது. அரசு பாதுகாப்புச் செலவைக் குறைக்கப்போகிறது என்ற பேச்சும் எழுந்தது. அடுத்து யார் என்ற பயம் எல்லா இடமும் பரவியது.

இங்கேதான் லூக்காஸ்காரர்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார்கள். 17 தொழிற்சாலைகளில், 13 தொழிற்சங்கங்களில் பிரிந்து கிடந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுக் குழுவை அமைத்திருந்தார்கள். வடிவமைப்பாளர்களும் பொறியியலாளர்களும் கடைசல் இயந்திரத்தில் நிற்பவர்களும் அதில் ஒரே மேசையில் இருந்தார்கள். வெள்ளைக் கொலர், நீலக் கொலர் பேதம் ஆழ ஊறிய பிரித்தானியாவில் இது லேசான விடயமல்ல.

1974 நவம்பரில் அந்தக் குழுவின் பிரதிநிதிகள் தொழிற்கட்சி அரசின் கைத்தொழில் அமைச்சர் ரொனி பென்னைச் சந்தித்தார்கள். விமானத் தொழிலை அரசுடைமையாக்கும்போது தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள். அது தன் கையில் இல்லை என்றார் பென். ஆனால் நிலைமையை எப்படிச் சமாளிக்கலாம் என்று நீங்களே ஒரு திட்டம் தயாரித்தால் என்ன என்று கேட்டார். அமைச்சரிடம் உதவி கேட்டுப் போனவர்கள் ஒரு வீட்டுப்பாடத்தோடு திரும்பி வந்தார்கள்.

முதலில் அவர்கள் செய்தது நாங்களும் செய்யக்கூடியதுதான். படித்தவர்களிடம் கேட்டார்கள். பல்கலைக்கழகங்கள், நிறுவனங்கள், நிபுணர்கள் என்று 180 இடங்களுக்குக் கடிதம் போட்டார்கள். எங்களிடம் இன்ன திறமைகளும் இயந்திரங்களும் இருக்கின்றன, இவற்றைக் கொண்டு சமூகத்துக்குப் பயன்படும் எதைச் செய்யலாம் என்று கேட்டார்கள். பயனுள்ள பதில்களை விரல்விட்டு எண்ணலாம்.

பிறகுதான் தங்கள் ஆட்களிடமே கேட்பது என்று முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் கேள்விக்கொத்து போனது. உங்களிடம் என்ன இயந்திரங்கள் இருக்கின்றன? யாருக்கு என்ன வேலை தெரியும்? இவற்றைக்கொண்டு என்ன செய்யவேண்டும் என்று நினைக்கிறீர்கள்? வேலை செய்கிறவராக மட்டுமல்ல, அந்த ஊரில் வாழ்கிறவராகவும் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். இந்த முறை பதில்கள் குவிந்தன.

1976 ஜனவரியில் திட்டம் வெளியானது. ஆறு தொகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 பக்கம், சுமார் 150 உற்பத்திப் பொருட்களுக்கான யோசனைகள். வீட்டில் வைத்தே பாவிக்கக்கூடிய சிறுநீரக இயந்திரம் இருந்தது. வீடுகளைச் சூடாக்கும் வெப்பப் பம்பிகள் இருந்தன. காற்றாலை, சூரிய சக்திக் கருவிகள், பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து இயங்கும் வாகனம், வீதியிலும் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய பஸ் என்று பட்டியல் நீண்டது. முள்ளந்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த சிறுவர்கள் தாங்களே ஓட்டித் திரியக்கூடிய சிறிய வண்டியும் அதில் ஒன்று.

இன்று படிக்கும்போது இது கனவுப் பட்டியல் போலத் தெரியவில்லை. வெப்பப் பம்பிகளை வீட்டுக்கு வீடு பொருத்தச் சொல்லி ஐரோப்பிய அரசுகள் இப்போது மானியம் கொடுக்கின்றன. பெற்றோல்-மின் கார் பெருமளவில் சந்தைக்கு வந்தது 1997இல்தான். பஸ்ஸை அவர்கள் வெறும் படமாக விடவில்லை. லண்டனில் இருந்த ஒரு பொலிரெக்னிக்கோடு சேர்ந்து கட்டி ஓட்டியும் காட்டினார்கள்.

கம்பனி திட்டத்தை ஏற்கவில்லை. தங்கள் தொழில் விமானப் பாகங்கள்தான், அதிலேயே இருப்போம் என்றது. தொழிலாளர் குழுவை ஒரு தரப்பாக மதித்துப் பேசவும் மறுத்தது. என்ன உற்பத்தி செய்வது என்பது முதலாளி தீர்மானிக்கிற விடயம், அதைத் தொழிலாளி கேட்கத் தொடங்கினால் அடுத்து என்னவெல்லாம் கேட்பான் என்ற பயம் அதில் இருந்தது என்றே நாங்கள் வாசிக்கிறோம். பென் 1975இலேயே வேறு அமைச்சுக்கு மாற்றப்பட்டிருந்தார். அரசு அலுவலகங்கள் திட்டத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளின. தொழிற்சங்கங்களின் தேசியத் தலைமைகளும் முழுமனதோடு துணை நிற்கவில்லை. தங்கள் கட்டுப்பாட்டுக்கு வெளியே முளைத்த குழுவை அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 1979இல் தட்சர் ஆட்சிக்கு வந்தபின் கதவு முற்றாக மூடியது.

திட்டத்தின் முக்கிய ஆட்களில் ஒருவர் மைக் கூலி. அயர்லாந்தின் டூவம் என்ற சிறு பட்டினத்தில் பிறந்த வடிவமைப்புப் பொறியியலாளர். 1981இல் கம்பனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்குக் கிடைத்தது. பிறகு அவர் லண்டன் மாநகர சபையின் முயற்சியில் இணைந்தார். சாதாரண மக்கள் வந்து கருவிகளைப் பாவித்துப் புதிதாக எதையும் செய்துபார்க்கக்கூடிய திறந்த பட்டறைகள் உருவாக உழைத்தார். 2020இல் காலமானார்.

கூலி எழுதிய இன்னொரு விடயம் எங்களுக்கு இன்னும் கிட்டவாக இருக்கிறது. வடிவமைப்பு அலுவலகங்களுக்குக் கணினி வந்தபோதே அவர் எச்சரித்தார். அவர் கணினிக்கு எதிரானவர் அல்ல. மனிதனின் திறமையை வளர்க்கிற மாதிரியும் அதை வடிவமைக்கலாம், அந்தத் திறமையை உறிஞ்சி எடுத்து ஆளை வெறும் பொத்தான் அழுத்துபவராக ஆக்குகிற மாதிரியும் வடிவமைக்கலாம், எது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை என்றார். செயற்கை நுண்ணறிவு எங்கட வேலையைத் தின்றுவிடுமா என்று இன்று கேட்கிறோம். அதை எந்த நோக்கத்துக்காக யார் வடிவமைக்கிறார்கள் என்பதுதான் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

அப்படியானால் லூக்காஸ் திட்டம் தோற்றதா? பொருட்களைக் கணக்கெடுத்தால் தோற்றதுதான். ஆனால் திட்டம் கையில் இருந்த ஆண்டுகளில் அந்தத் தொழிலாளர்கள் "எங்களை விடுங்கோ" என்று கெஞ்சவில்லை. "செய்யவேண்டிய வேலை இதோ இருக்கிறது, ஏன் நிறுத்துகிறீர்கள்?" என்று கேட்கும் இடத்தில் நின்றார்கள். கம்பனி நினைத்த மாதிரி, நினைத்த நேரத்தில் ஆட்களை வெளியேற்றுவது அதனால் கடினமானது.

எங்களுக்கு இதில் பெரிதாகப் படுவது ஒன்றுதான். மந்தம் வரும்போது குறைவது வேலையல்ல, அந்த வேலைக்குப் போகிற பணம். 2022இல் நாங்கள் அதைக் கண்ணால் பார்த்தோம். ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை. பஸ் ஓடவில்லை. ஒரு பொறியியலாளர் செய்யவேண்டிய வேலை நாடு முழுக்கக் குவிந்து கிடந்த அதே நேரத்தில்தான் எங்கட பொறியியலாளர்கள் விமான நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். போனவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. எங்கட வீடுகளிலும் ஆட்கள் போயிருக்கிறார்கள்.

அதனால் கோர்ஸ் செய்யவேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். செய்யுங்கள். ஆனால் லூக்காஸ்காரர்கள் அனுப்பிய அந்தக் கேள்விக்கொத்தையும் ஒருக்கா நிரப்பிப் பாருங்கள். உங்களோடு வேலை செய்கிற ஐந்து பேருக்கு உண்மையில் என்னவெல்லாம் தெரியும்? ஒருவர் நிறுத்தப்பட்டால் மற்ற நாலு பேருக்கும் அது எந்த வழியில் தெரியவரும்? உங்கட ஊரில் பழுதாகிக் கிடப்பவற்றில் எவற்றை நீங்கள் ஆறு பேரும் சேர்ந்தால் திருத்தமுடியும்? எங்கட வட்டத்தில் போனமாதம் இதை நிரப்பிப் பார்த்தோம். முதல் கேள்விக்கே எங்களில் பாதிப் பேருக்குச் சரியான பதில் தெரியவில்லை.