அத்தை கேட்ட ஸ்வீட் பீ விதை

ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் அத்தை போனில் ஒரு வேலை வைத்தார். "வரும்போது ஸ்வீட் பீ விதை வாங்கிட்டு வாடா, லண்டன்லதான் நல்ல ஜாதி கிடைக்கும்." கிடைக்கும்தான், இங்கே சூப்பர்மார்க்கெட்டிலேயே பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் ஒரு பழைய கதை.

முதலில், இது இங்கிலாந்துப் பூவே இல்லை. சிசிலித் தீவுக் கொடி. 1699-ல் குபானி என்ற துறவி அங்கிருந்து என்ஃபீல்டில் இருந்த ராபர்ட் யுவ்டேல் என்ற ஆசிரியருக்கு விதை அனுப்பினார். சின்னப் பூ, வாசனை மட்டும் தூக்கல். ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து ஹென்றி எக்ஃபோர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரகங்களைக் கலந்து கலந்து பூவைப் பெரிசாக்கினார். 1901-ல் ஆல்தார்ப் மாளிகைத் தோட்டக்காரர் ஸைலஸ் கோல், அலை அலையான இதழோடு 'கவுன்டஸ் ஸ்பென்சர்' என்ற ரகத்தை லண்டன் கண்காட்சியில் வைத்தார். (ஆமாம், டயானாவின் குடும்ப மாளிகைதான்.) அதிலிருந்து இங்கே ஸ்வீட் பீ என்றாலே பெரும்பாலும் ஸ்பென்சர்தான்.

கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் பெங்களூர் கன்டோன்மென்ட்டில் புது டவுன்கள் முளைத்தன. 1898 பிளேக் போட்ட பயத்தில், அகலமான ரோடும் காற்றோட்டமுமாக ஃபிரேசர் டவுன். அதன் பக்கத்திலேயே குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன். எல்லாம் துரைமார் பெயர்கள். ஓட்டு வீடு, சுற்றிலும் காம்பவுண்டு, முன்னால் பூச்செடி. லால்பாக்கில் ஜெர்மன்காரர் கிரும்பிகல் பொறுப்பில் இருந்தார் (1908 முதல் 1932 வரை). மூவாயிரம் அடி உயரம், குளுகுளு ஊர், சீமைப் பூ எல்லாம் வரும் என்று ஒரு நம்பிக்கை.

ஸ்வீட் பீ விஷயத்தில் அந்த நம்பிக்கை பாதிதான் சரி. குளிர் இருந்தால் மட்டும் போதாது, பகல் நீளமும் வேண்டும். ஸ்பென்சர் வகை மொட்டு விட ஏறக்குறைய 12 மணி நேரப் பகல் தேவை. இங்கே ஜூனில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல், பிரச்சினையே இல்லை. பெங்களூரில் டிசம்பர் பகல் 11 மணி 20 நிமிஷத்தைச் சுற்றித்தான். 12-ஐத் தொடும்போது மார்ச் வந்துவிடும், கூடவே வெயிலும். நாலு மாசம் தண்ணீர் ஊற்றி வளர்த்த கொடி, மொட்டு வைக்கிற நேரத்தில் காயும்.

தீர்வு அமெரிக்காவிலிருந்து வந்தது. கண்ணாடி வீட்டில் குளிர்காலப் பூ விற்பவர்களுக்காக ஆன்டன் ஸ்வோலானெக் என்பவர் 1900-களின் தொடக்கத்தில், குறுகிய பகலிலும் பூக்கும் வகைகளை உருவாக்கினார். 1940-களில் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் கத்பர்ட்சன் 11 மணி நேரப் பகலில் பூக்கும், வெயிலையும் கொஞ்சம் தாங்கும் வகையைக் கொண்டுவந்தார். நம்ம ஊருக்கென்றே அளவெடுத்த மாதிரி! 1947-ல் கன்டோன்மென்ட் நிர்வாகம் மைசூர் சமஸ்தானத்திடம் திரும்பிப் போனது. துரைமார் மூட்டை கட்டுகிற நேரத்தில் அவர்கள் பூவுக்குச் சரியான விதை வந்தது. இதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம் :-)

அதனால் அத்தைக்குச் சொன்னது: பாக்கெட்டில் 'கத்பர்ட்சன்', 'ராயல் ஃபேமிலி', 'மேமத்', 'விண்டர் எலிகன்ஸ்' என்று இருந்தால் வாங்குங்கள். வெறும் 'ஸ்பென்சர்' என்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். அங்கேயே விதைக் கடையில் கேளுங்கள். உரிய அனுமதி இல்லாமல் நான் பெட்டியில் போட்டு எடுத்து வருவது சட்டப்படியும் சரியில்லை.

செப்டம்பர் கடைசியில், மழை குறையும்போது, விதையை ஒரு ராத்திரி ஊற வைத்து ஊன்ற வேண்டும். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். ஏற வலையோ கயிறோ கட்ட வேண்டும், வேர்ப்பக்கம் சருகு போட்டுக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். பூ வந்தபின் இரண்டு நாளைக்கு ஒரு முறை பறித்தே ஆக வேண்டும். காய் கட்டவிட்டால் கொடி பூப்பதை நிறுத்திவிடும்.

இன்னொன்றும் சொன்னேன். அந்தக் காய் பார்க்கப் பட்டாணி மாதிரியே இருக்கும், ஆனால் சமைக்கக்கூடாது. விதையில் நச்சு உண்டு. அளவுக்கு மீறித் தின்றவர்களின் கால்களை முடக்கிய கேசரிப் பருப்பும் இதே லத்தைரஸ் குடும்பம்தான். வீட்டில் பேரக்குழந்தைகள் ஓடுகிறார்கள், அதனால் காயைக் கண்டதும் கிள்ளிப் போட்டுவிடுங்கள் என்றேன்.