எழுத்துக்கு இடம் தந்த அட்டை

1981ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில், எழுத்து வரையப்படவில்லை. அச்சுக்கோப்பவரின் ஈய எழுத்தைப் போல முன்னரே வார்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் ஒருவண்ணக் காட்சி அட்டை, திரையை 25 வரிகளாகவும் வரிக்கு 80 கட்டங்களாகவும் பகுத்தது. கட்டம் ஒன்றுக்கு 9 புள்ளி அகலம், 14 புள்ளி உயரம். அவற்றில் தோன்றக்கூடிய 256 குறிகளும் மாற்றவியலாத நினைவகச் சில்லு ஒன்றில் உறைந்திருந்தன. அச்சில்லில் இல்லாத எழுத்துக்குத் திரையில் இடமில்லை. ஐபிஎம் விற்ற வண்ண அட்டை புள்ளிகளால் படம் வரைய வல்லதே. ஆயினும் 200 கிடைவரிகளே கொண்ட அதன் திரையில் எழுத்துகள் கரடுமுரடாகத் தெரிந்தன.

தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல், தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தம் நாட்டு எழுத்தில் உருவாக்க விரும்பினார். அவ்வெழுத்து முறையில் உயிர்க்குறிகள் சில மெய்யின் மேலும் கீழும் அமரும். தொனிக்குறி அவற்றுக்கும் மேலே ஏறும். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்னும் ஏற்பாட்டில் அது எங்ஙனம் அடங்கும்? அவர் தாமே ஓர் அட்டையை வடிவமைத்தார். கெவின் ஜென்கின்சுடன் சேர்ந்து அவர் நிறுவிய நிறுவனம், 1982இல் அதனை ஹெர்குலிஸ் வரைகலை அட்டை என்னும் பெயரில் வெளியிட்டது.

அதன் 64 கிலோபைட்டு நினைவகம், 720க்கு 348 என்னும் அளவில் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஆள இடமளித்தது. ஐபிஎம் அட்டையின் திரைக்கோ 350 வரிகள். ஹெர்குலிஸ் தன் வரிகளை நந்நான்காகத் தொகுத்தமையால், நான்கால் வகுபடும் 348 போதுமாயிற்று. பழைய எழுத்துக் கட்டமுறையையும் அது அப்படியே பேணியது. ஆகவே முந்தைய மென்பொருள்கள் தடையின்றி இயங்கின. இவ்விணக்கமே அதன் பேரறிவு என்போம். லோட்டஸ் 1-2-3 அதனை ஆதரித்தபின், கணக்கர்கள் எண்களையும் வரைபடங்களையும் ஒரே கூரிய திரையில் காண அதனை வாங்கலாயினர். அதன் பிறப்புக்குக் காரணமான எழுத்தை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்!

1986இல் வந்த ஹெர்குலிஸ் பிளஸ், 3,072 எழுத்து வடிவங்களைப் பயனரே ஏற்றிக்கொள்ள வழிசெய்தது. தமிழ்க் கணிமை வரலாற்றை எழுத்துருக்களிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். அதற்கு முன்னரே வன்பொருளில் ஓர் அத்தியாயம் உண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகிப் பின்னர் சி-டாக் நிறுவனம் வளர்த்த ஜிஸ்ட் அட்டையும் கணினிக்குள் செருகப்படுவதே. ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட டாஸ் மென்பொருள்களிலேயே தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளை அது திரையில் காட்டியது.