ஃபேட்-ட்ரீ வலையமைப்பு

ஃபேட்-ட்ரீ, அதாவது பருத்த மரம், ஆயிரக்கணக்கான கணினிகளைச் சுவிட்ச் அடுக்குகளால் இணைக்கும் அமைப்பு. கணினித் துறையினர் மரத்தைத் தலைகீழாகவே வரைவார்கள்: வேர் உச்சியில், இலைகள் அடியில். சாதாரண மர அமைப்பில் மேலே போகப் போக இணைப்புகள் குறைவதால் போக்குவரத்து முழுவதும் உச்சியில் வந்து நெரியும். முழுமையான ஃபேட்-ட்ரீயில் எந்த அடுக்கிலும் மொத்தக் கொள்ளளவு குறையாது.

இதன் ஆதி தொலைபேசி இணைப்பகத்தில் இருக்கிறது. ஒரே பெரிய சுவிட்சுக்குப் பதிலாகச் சிறிய சுவிட்சுகளை மூன்று கட்டமாக அடுக்கலாம் என்று பெல் ஆய்வகத்தின் சார்லஸ் க்ளோஸ் 1953இல் காட்டினார். முதல் கட்ட சுவிட்ச் ஒவ்வொன்றிலும் 10 இணைப்புகள் நுழைந்தால், நடுக்கட்டத்தில் 19 சுவிட்சுகள் வேண்டும். அப்போது புதிய அழைப்பு எதுவும் தடைபடாது. 10 மட்டும் இருந்தாலும் சமாளிக்கலாம், ஆனால் பேசிக்கொண்டிருப்பவர்களின் இணைப்புகளை அவ்வப்போது இடம் மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். இன்று ‘தடையற்றது’ என்று விற்கப்படும் ஃபேட்-ட்ரீ பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. இடம் மாற்றித் தரும் ஆள் மட்டும் அங்கே இல்லை.

ஃபேட்-ட்ரீ என்ற பெயரைத் தந்தவர் எம்.ஐ.டி.யின் சார்லஸ் லைசர்சன். அதே அளவு வன்பொருளால் கட்டிய வேறெந்த வலையமைப்பின் வேலையையும் இது அதிகத் தாமதமின்றிச் செய்துவிடும் என்று 1985இல் நிறுவினார். அவர் மனத்தில் இருந்த கிளை உண்மையிலேயே பருத்தது. நடைமுறையில் அத்தனை பெரிய சுவிட்ச் செய்ய முடியாததால், ஒரு பெரிய சுவிட்சின் இடத்தில் பல சிறியவற்றை வைத்தார்கள். விளைந்தது, க்ளோஸின் அமைப்பை நடுவில் மடித்தது போன்ற ஒன்று. ஆக, இன்றைய ஃபேட்-ட்ரீ கண்டிப்பாகப் பார்த்தால் மரமே இல்லை.

மடித்ததால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. ஒரு பாக்கெட், அதாவது தரவின் சிறு துண்டு, அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் பொதுவான மூதாதை சுவிட்ச் வரை ஏறி, பிறகு இறங்க வேண்டும். ஏறும்போது ஒவ்வொரு படியிலும் பல வழிகள். உச்சியைத் தொட்டபின் இறங்க ஒரே வழி. இறங்கியது மறுபடி ஏறுவதில்லை என்பதால் ஒன்றையொன்று காத்து நிற்கும் முட்டுக்கட்டை உருவாகாது. ஆகவே இத்துறையின் வரலாறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியது: ஏறும் வழியை யார் தேர்ந்தெடுப்பது?

திங்கிங் மெஷின்ஸ் நிறுவனம் 1991இல் அறிவித்த சிஎம்-5 என்ற சூப்பர் கணினி, அந்தப் பொறுப்பைப் பகடையிடம் விட்டது. காலியாக உள்ள மேல்வழிகளில் ஒன்றைத் தற்செயலாக எடுத்துக்கொள்ளும். பாக்கெட்டுகள் வரிசை மாறி வந்தால் பெறுபவர் பாடு. லாஸ் அலமோஸில் இருந்த 1,024 கணுக்கள் கொண்ட சிஎம்-5, 1993 ஜூனில் வெளியான, உலகின் அதிவேக சூப்பர் கணினிகளின் முதல் டாப்500 பட்டியலில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் சிவப்பு விளக்குகள் மினுங்க நிற்பதும் சிஎம்-5தான்.

இன்ஃபினிபேண்ட் என்னும் அதிவேக இணைப்புத் தொழில்நுட்பம் நேரெதிர் திசையில் போனது. சப்நெட் மேனேஜர் என்னும் மென்பொருள், போய்ச் சேரவேண்டிய முகவரிக்கு இன்ன போர்ட் என்று ஒவ்வொரு சுவிட்சுக்கும் முன்கூட்டியே அட்டவணை எழுதிவிடும். முகவரி எண்ணை வகுத்து வரும் மீதியை வைத்து மேல்வழியைப் பங்கிடும் முறை, எல்லாக் கணுக்களும் முறை வைத்து ஒன்றுக்கொன்று அனுப்பும்போது அழகாக வேலை செய்யும். ஒழுங்கற்ற போக்குவரத்தில் நிலைமை வேறு. பல கட்ட சுவிட்ச் ஒற்றை சுவிட்சுக்கு ஈடாகாது என்று டோர்ஸ்டன் ஹோஃப்லர் குழுவினர் 2008இல் எழுதினார்கள்: கம்பி காலியாகக் கிடக்கும், அட்டவணை அதைப் பார்க்காது.

அதே 2008இல் சான் டியாகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அல்-ஃபாரஸ், லூகிசாஸ், வாதாத் மூவரும் ஃபேட்-ட்ரீயை மலிவான ஈதர்நெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 48 போர்ட் சுவிட்சுகள் 2,880 இருந்தால் 27,648 சர்வர்களை முழு வேகத்தில் இணைக்கலாம். வெவ்வேறு சுவிட்ச் தொகுதிகளில் உள்ள இரு சர்வர்களுக்கிடையே 576 சம தூரப் பாதைகள். முகவரியின் வாலைப் பார்த்து ஏறு, தலையைப் பார்த்து இறங்கு என்பது அவர்கள் வைத்த விதி.

டேட்டா சென்டர்களில் நிலைத்தது வேறொன்று: பாக்கெட்டில் எழுதியுள்ள முகவரிகளையும் போர்ட் எண்களையும் கலக்கி வரும் ஹேஷ் எண்ணே ஓர் ஓட்டத்தின், அதாவது ஒரே தொடர்பைச் சேர்ந்த பாக்கெட்டுகளின், வழியை முடிவு செய்யும் முறை. சிறு ஓட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் சுமை தானே பரவும். ‘யானை’ என்று துறையினர் அழைக்கும் பெரும் ஓட்டங்கள் இரண்டு ஒரே கம்பியில் மாட்டிக்கொண்டால் இரண்டுமே பாதி வேகத்தில் நகரும், பக்கத்துக் கம்பி சும்மா இருந்தாலும்.

பழுது இன்னொரு சிக்கல். உச்சி சுவிட்சிலிருந்து ஒரு தொகுதிக்கு இறங்கும் கம்பி அறுந்தால், அந்த உச்சிக்கு ஏறவே கூடாது என்று தொலைவிலுள்ள சுவிட்சுகளுக்குத் தெரிய வேண்டும். இணையத்தின் பிஜிபி நெறிமுறையையே உள்ளுக்குள் ஓட்டி இதைச் சமாளிக்கும் முறையை ஆர்எஃப்சி 7938 (2016) விவரிக்கிறது.

செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியில் போக்குவரத்து பெரும்பாலும் யானைகளே. அதனால் ஓட்டத்தை உடைத்து, பாக்கெட்டுகளைத் தனித்தனியாகப் பல பாதைகளில் தூவும் முறை பரவுகிறது. 2025இல் வெளியான அல்ட்ரா ஈதர்நெட் விதிமுறையும் இதற்கு இடம் தருகிறது. வரிசை மாறி வருபவற்றை அடுக்கிக்கொள்வது, சிஎம்-5 காலத்தைப் போலவே, மறுபடியும் பெறுபவர் பாடு.