சொல்லில் எஞ்சிய வெள்ளி: பிரித்தானியப் பழங்காசுகளின் வரலாறும் மதிப்பும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழராகிய நாம் கடையில் நின்று ‘பத்து வெள்ளி’ என்று சொல்லிப் பணம் நீட்டுகிறோம். நீட்டுவது அச்சிட்ட நோட்டு. அதில் குன்றிமணி அளவு வெள்ளியும் இல்லை. பொருள் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. மலாய் மொழியின் ‘ரிங்கிட்’ என்னும் சொல்லுக்குப் பல் பல்லாக வெட்டிய விளிம்புடையது என்பது பொருள். முற்காலத்தில் இப்பகுதியில் புழங்கிய ஸ்பானிய வெள்ளிக்காசின் விளிம்பைக் கண்டு எழுந்த பெயர் அது. ஆங்கிலேயரின் ‘பவுண்ட்’ ஓர் எடையின் பெயர். ஒரு பவுண்ட் வெள்ளியே ஒரு பவுண்ட் பணமாக இருந்தது. தமிழ் உலோகத்தை நினைவில் வைத்தது; மலாய் விளிம்பை வைத்தது; ஆங்கிலம் எடையை வைத்தது.

பழங்காசு ஒன்றைக் கையில் எடுக்கும் அறிஞர் முதலில் ஆராய்வனவும் இம்மூன்றே. இவற்றுடன் காசின்மேல் உள்ள எழுத்தையும் நான்காவதாகச் சேர்த்துக்கொண்டு, பிரித்தானிய வெள்ளிக்காசுகளின் வரலாற்றையும் அவற்றை மதிப்பிடும் முறையையும் இவ்வுரையில் காண்போம்.

எடை

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெர்சியாவை ஆண்ட ஓஃபா மன்னன் காலத்தில் வெள்ளிப் பென்னி ஆங்கில நிலத்தில் வேரூன்றியது. 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங், அதாவது 240 பென்னி, ஒரு பவுண்ட். ஆயினும் ஒரு பவுண்ட் மதிப்புடைய காசு 1489 வரை அடிக்கப்படவில்லை. அவ்வாண்டில் வந்த பொற்காசே முதலாவது. ஏழு நூற்றாண்டுகள் பவுண்ட் என்பது கணக்கேட்டில் மட்டும் வாழ்ந்த சொல்.

பென்னி ஒன்றே புழக்கத்தில் இருந்தபோது சில்லறைக்கு மக்கள் என் செய்தனர்? காசின் பின்புறத்தில் இருந்த சிலுவைக் கோட்டை வழியாகக் கொண்டு காசையே இரண்டாகவும் நான்காகவும் வெட்டினர். ‘ஃபார்த்திங்’ என்னும் பெயர் நான்கில் ஒன்று என்னும் பொருளது; நம் ‘கால்’ போன்றது. 1279இல் முதலாம் எட்வர்ட் நாணயச் சீர்திருத்தம் செய்து வட்டமான அரைப் பென்னியையும் ஃபார்த்திங்கையும் வெளியிட்டபின் இவ்வழக்கம் தேய்ந்தது. வெட்டுண்ட அரைக்காசைக் கண்டு இது உடைந்த காசு என்று ஒதுக்குவோர் அக்காலச் சந்தையின் சில்லறை வணிகத்தையே ஒதுக்குகின்றனர்.

விளிம்பு

வெள்ளியின் எடையே பணமானால், விளிம்பைக் கத்தரித்து வெள்ளி சேர்ப்பவன் அரசனிடமே திருடுகிறான். இதனைத் தடுக்க 1247இல் சிலுவையின் கைகளைக் காசின் ஓரம் வரை நீட்டினர். கை குறைந்தால் களவு வெளிப்படும் என்பது கருத்து. ஆயினும் சம்மட்டியால் அடித்த காசு செவ்வையான வட்டமாக அமைவதில்லை, கத்தரிப்பு நின்றபாடில்லை.

1662இல் இயந்திரத்தால் காசு அடிக்கும் முறை நிலைபெற்றது. சிறு காசுகளின் விளிம்பில் வரிகளும், கிரவுன் போன்ற பெருங்காசுகளின் விளிம்பில் ‘அழகும் காவலும்’ என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரும் பொறிக்கப்பட்டன. அழகுக்கு என்று நாம் எண்ணும் விளிம்பெழுத்து உண்மையில் காவற்காரன். ‘ரிங்கிட்’ என்னும் சொல்லுக்குள் ஒளிந்திருப்பதும் இக்காவலே.

பழைய சம்மட்டிக் காசுகள் அதன்பின்னும் புழங்கின. 1695 அளவில் அவற்றின் எடை இருக்கவேண்டியதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. 1696இல் அவற்றையெல்லாம் திரும்பப் பெற்று உருக்கிப் புதிதாக அடிக்கும் பெரும்பணி தொடங்கியது. அவ்வாண்டிலேதான் ஐசக் நியூட்டன் நாணயச் சாலைப் பொறுப்புக்கு வந்தார். இலண்டனால் மட்டும் இயலாமையால் பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிட்டர், நாரிச், யார்க் ஆகிய ஐந்து நகரங்களிலும் துணைச் சாலைகள் திறக்கப்பட்டன. மூன்றாம் வில்லியத்தின் மார்புருவின் கீழ் அந்தந்த ஊரின் முதலெழுத்து இருக்கும். அச்சிற்றெழுத்தைக் காணாதவர் யார்க் நகரக் காசை இலண்டன் காசென்று விற்றுவிடுவார்.

உலோகம்

‘நாணயம்’ என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும். வாக்குத் தவறாமையையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒருங்கே கெட்ட காலம் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. 1544 முதல் எட்டாம் ஹென்றி வெள்ளிக்காசில் செம்பை மிகுவித்தார். விரைவிலேயே வெள்ளி மூன்றில் ஒரு பங்காயிற்று. அவர் மகன் ஆட்சியில் 1551இல் நான்கில் ஒரு பங்காகவும் தாழ்ந்தது. காசில் அரசரின் முகம் நேராக நோக்கியபடி இருந்தமையால் மேலெழுந்த மூக்கு முதலில் தேய்ந்தது. தேய்ந்த இடத்தில் செம்பு சிவந்து தெரிந்தது. மக்கள் அவருக்குச் ‘செம்பு மூக்கர்’ என்று பெயரிட்டனர். விலைவாசி ஏறியது, அயல்நாட்டு வணிகர் அக்காசை நம்ப மறுத்தனர். 1560, 1561 ஆண்டுகளில் முதலாம் எலிசபெத் அக்காசுகளைத் திரும்பப் பெற்று, ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்னும் ‘ஸ்டெர்லிங்’ தரத்தை மீட்டார்.

1816ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு டிராய் பவுண்ட் ஸ்டெர்லிங் வெள்ளியிலிருந்து 66 ஷில்லிங் அடிக்கவேண்டும் என விதித்தது. ஆகவே ஒரு ஷில்லிங்கின் எடை 5.655 கிராம், அரைக் கிரவுன் 14.14 கிராம், கிரவுன் 28.28 கிராம். இக்கணக்கிலேயே பின்னாள் நெருக்கடியும் அடங்கியிருந்தது. ஓர் அவுன்சு ஸ்டெர்லிங் வெள்ளி காசாகும்போது 66 பென்னி பெறும். முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் வெள்ளியின் சந்தை விலை 89 பென்னியைத் தாண்டியது. காசாக வைத்திருப்பதினும் உருக்கி விற்பது இலாபமாயிற்று. அவ்வாண்டிலேயே வெள்ளிப் பங்கு 500 ஆகக் குறைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியைத் திருப்பித் தரவேண்டிய நிலையில், 1947 முதல் புழக்கக் காசுகளில் வெள்ளி அறவே நீங்கிச் செம்பும் நிக்கலும் இடம்பெற்றன.

எனவே 1919 வரையிலான ஷில்லிங்கில் ஏறத்தாழ 5.23 கிராம் தூய வெள்ளி உண்டு. 1920 முதல் 1946 வரையிலானதில் 2.83 கிராம், 1947க்குப் பின்னர் ஒன்றுமில்லை. மூன்றும் ஒரே எடை, ஒரே அளவு. ஆண்டைப் படிக்கத் தெரிந்தவருக்கே வேறுபாடு புலப்படும்.

எழுத்து

மொழியியலாளராகிய நமக்கு மிகவும் உவப்பானது இப்பகுதி. 1180 முதல் 1247 வரை அடிக்கப்பட்ட ஆங்கிலப் பென்னிகளில் ‘ஹென்றிகஸ்’ என்னும் பெயரே காணப்படும். இடையில் ரிச்சர்டும் ஜானும் ஆண்டனர். ஆயினும் அவர்தம் பெயர் ஆங்கிலக் காசில் இல்லை. பழகிய பெயரை மாற்றினால் மக்களின் நம்பிக்கை குலையும் என்பதால் இறந்த அரசரின் பெயரே தொடர்ந்தது போலும். ஜானின் காசை ஜானின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. எழுத்தின் வடிவையும் அச்சடித்தவர் பெயரையும் முடியின் அமைப்பையும் கொண்டே பிரித்தறிய வேண்டும். கல்வெட்டெழுத்தின் வடிவம் கொண்டு காலம் கணிக்கும் நம் முறையும் இதுவே.

1849இல் வெளிவந்த ஃபுளோரின் காசில் ‘இறையருளால்’ என்னும் இலத்தீன் தொடர் விடுபட்டது. பெருங்கண்டனம் எழுந்தது, ‘கடவுளற்ற ஃபுளோரின்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 1851இல் அத்தொடருடன் புது வடிவம் வந்தது. விக்டோரியாவின் பிற்காலக் காசுகளில் ‘பிரிட்’ என்னும் குறுக்கம் இரு ‘டி’ எழுத்துகளுடன் எழுதப்பட்டது. இலத்தீன் குறுக்கெழுத்து மரபில் ஈற்றுமெய் இரட்டித்தால் பன்மை. பிரித்தானியா ஒன்றன்று, பல என்பதை ஓர் எழுத்து சொல்லிவிட்டது.

1893 முதல் பிரித்தானியக் காசுகளில் இந்தியப் பேரரசி எனவும் பின்னர்ப் பேரரசர் எனவும் பொருள்படும் குறுக்கம் இடம்பெற்றது. இந்தியா விடுதலை பெற்றது 1947இல், ஆயினும் 1948ஆம் ஆண்டுக் காசிலும் அக்குறுக்கம் உண்டு, 1949இல்தான் நீங்கியது. ஒரு பேரரசு முடிந்தபின்னும் அதன் பட்டம் ஓராண்டு சட்டைப்பைகளில் உலவியது. இது வெறும் அணியெழுத்து அன்று. நம் முன்னோரையும் உள்ளடக்கிய அரசியல் வாசகம்.

மதிப்பு

‘இந்தக் காசு எத்தனை வெள்ளி பெறும்?’ என்பதே எவரும் முதலில் கேட்கும் வினா. உலோக விலை அடித்தளம் மட்டுமே. அதற்கு மேல் விலையை உயர்த்துவன அருமையும் நிலையும். ஏழாம் எட்வர்டின் 1905ஆம் ஆண்டு அரைக் கிரவுன் ஏறத்தாழ 166,000 மட்டுமே அடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் இரண்டு மில்லியனுக்கு மேல். அரசர் ஒருவரே, வெள்ளியும் ஒன்றே. ஆண்டின் கடைசி இலக்கம் விலையைப் பன்மடங்கு மாற்றுகிறது. அதனால்தான் போலிகளும் அவ்வாண்டை நாடி வருகின்றன.

நிலையைக் குறிக்கும் சொற்களில் எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃபைன்’ என்றால் நேர்த்தியானது என்று பொருள் கொள்வோம். காசுத்துறையில் அது நன்கு தேய்ந்த காசைக் குறிக்கும். அதற்கு மேல் ‘வெரி ஃபைன்’, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’, புழங்காத காசு எனப் படிகள் உயரும். விலைப்பட்டியலில் காணும் தொகை வணிகர் விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை அதனினும் குறைவு. இவ்விரண்டையும் அறியாதவர் ஏமாறுவார், அல்லது ஏமாற்றப்பட்டதாக வீணே வருந்துவார்.

யாவற்றினும் பெரிய இழப்பு நம் இல்லங்களிலேயே நிகழ்கிறது. வெள்ளிக் குத்துவிளக்கை விபூதியிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்யும் வழக்கம் நமக்கு உண்டு. அதே கையால் பாட்டனார் பெட்டியில் கிடந்த காசையும் தேய்த்துவிடுகிறோம். காசின் கருமை அழுக்கன்று. காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி கூடி நூற்றாண்டுகளில் உருவான மென்படலம். தேய்க்கும்போது படலத்தோடு எழுத்தின் கூர்மையும் போகிறது, போனது மீளாது. ஓலைச்சுவடியைச் சுத்தம் செய்வதாக எண்ணி எழுத்தைச் சுரண்டுவதை ஒக்கும் இச்செயல்.

அப்பெட்டிகளில் ஷில்லிங்கினும் மிகுதியாகக் கிடைக்கக்கூடியது, 1895 முதல் 1935 வரை அடிக்கப்பட்ட பிரித்தானிய வணிக டாலர். ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய் என மும்மொழி தாங்கிய காசு அது. பெரும்பாலானவை பம்பாயில் அடிக்கப்பட்டவை. அதன் எடை ஏறத்தாழ 26.95 கிராம். இதற்கும் போலிகள் மிகுதி. எடை குறைந்தாலோ, விளிம்பில் வார்ப்புத் தழும்பு தெரிந்தாலோ, எழுத்தின் ஓரம் மழுங்கியிருந்தாலோ ஐயுறுதல் வேண்டும்.

1831இல் இங்கிலாந்தின் டட்பரி என்னும் ஊரில் ஆற்றுப்படுகையில் இடைக்கால வெள்ளிக்காசுகளின் பெரும்புதையல் வெளிப்பட்டது. நூறாயிரத்துக்கும் மேற்பட்டவை என மதிப்பிடப்படும் அக்காசுகளை மக்கள் அள்ளிச் சென்றனர். பெரும்பகுதி பதிவின்றிச் சிதறியது. இன்று அந்நாட்டில் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கண்டெடுத்தவர் அறிவிக்கவேண்டும் என விதிக்கிறது. நம் வீட்டுப் பெட்டிக்கு அத்தகைய சட்டம் இல்லை. நாமே விதித்துக்கொள்ள வேண்டும். காசை ஓரத்தில் பிடித்து எடுங்கள், தேய்க்காதீர்கள், எடையையும் ஆண்டையும் எழுத்தையும் எழுதிவையுங்கள், அது யாரிடமிருந்து எவ்வழியாக உங்களிடம் வந்தது என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். அதன்பின் விற்பதோ வைப்பதோ உங்கள் விருப்பம். எழுதிவைக்காமல் விற்றால் எடைக்கு மட்டுமே விலை கிடைக்கும். வரலாறு விலையின்றிப் போய்விடும்.