ஒரு மில்லி மருந்து வந்த வழி

ஊசி போட்டு முடித்ததும் டாக்டர் ஒரு சின்ன வேலை செய்வார். காலிக் குப்பியை இடது கையில் பிடித்துக்கொண்டு, அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்தெடுப்பார். அதை எங்கள் நாய் கறுப்பனின் அட்டையில் ஒட்டிக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்ப்பார். பக்கத்தில் இன்றைய தேதி, அதையடுத்து அடுத்த வருடத் தேதி. கறுப்பன் அதற்குள் மேசையிலிருந்து குதித்து வாசலில் நிற்பான்.

அந்த அட்டையில் இப்போது ஆறு சீட்டுகள் இருக்கின்றன. விரல் நகம் இரண்டு அளவுகூட இல்லாத ஒவ்வொரு சீட்டிலும் மருந்தின் பெயர், தொகுதி எண், தயாரித்த மாதம், காலாவதியாகும் மாதம், '2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவும்' என்ற எச்சரிக்கை. வெறிநோய்த் தடுப்பூசி. அளவு ஒரு மில்லி. புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில் குயில் தோப்புப் பக்கம் ஒரு மழைக்காலத்தில் நனைந்து கிடந்த குட்டியின் உடம்புக்குள் இந்த ஒரு மில்லி வந்து சேர்வதற்கு நூறு வருடங்களுக்கு மேல் பிடித்திருக்கிறது.

அது புறப்பட்ட இடம் பாரிஸ்.

1885 ஜூலை 4 அன்று, அல்சாஸ் பகுதியில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனை வெறிநாய் ஒன்று குதறிப் போட்டது. உடம்பில் 14 இடங்களில் காயம். இரண்டு நாள் கழித்து அவனுடைய அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு பாரிஸில் லூயி பாஸ்டர் முன்னால் போய் நின்றார். வெறிநோய் கண்டு இறந்த முயலின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கவிட்டு, ஈரம் வற்ற வற்ற அதன் வீரியம் குறைவதைப் பாஸ்டரும் அவருடன் இருந்த எமில் ரூவும் கண்டிருந்தார்கள். நன்றாகக் காய்ந்த தண்டிலிருந்து தொடங்கி, நாளுக்கு நாள் வீரியம் கூடிய தண்டு வரைக்கும் படிப்படியாகப் போட்டால், நோய் மூளையை எட்டுவதற்குள் உடம்பு தயாராகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. பாஸ்டர் மருத்துவர் அல்ல, வேதியியலாளர். அதனால் ஊசியைப் போட்டவர் கிரான்ஷே என்ற மருத்துவர். ஜூலை 16 வரை 13 ஊசிகள். பையன் பிழைத்தான். வளர்ந்த பிறகு பாஸ்டர் நிறுவனத்திலேயே வாயிற்காவலராக வேலை பார்த்தார்.

இந்தக் கணக்கு பலிப்பதற்குக் காரணம் நோயின் குணம். கடித்த வாயின் எச்சிலோடு உள்ளே போகும் வைரஸ் ரத்தத்தில் ஓடுவதில்லை. நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி மெதுவாக ஊர்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்தில் முடிந்துவிட்டதும் உண்டு, ஒரு வருடம் இழுத்ததும் உண்டு. அது மூளையைத் தொட்டு, தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் கிட்டத்தட்ட ஒருவரும் பிழைப்பதில்லை. அதற்கு முன்னால் கிடைக்கும் அந்த அவகாசத்துக்குள்தான் தடுப்பூசி தன் வேலையை முடித்தாக வேண்டும்.

ஆனால் அந்த முதல் மருந்துக்கு ஒரு குறை இருந்தது. அதை எங்கும் அனுப்ப முடியாது. குடுவையில் தொங்கும் தண்டின் நாள்கணக்கு மாறினால் மருந்தும் மாறிவிடும். ஆகவே கடிபட்டவர்தான் மருந்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. 1886இல் ருஷ்யாவின் ஸ்மலென்ஸ்க் பகுதியிலிருந்து, வெறிகொண்ட ஓநாய் கடித்த 19 பேர் பாரிஸ் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

நம் நாட்டிலும் அதே கதைதான். 1900இல் இமயமலையடிவாரத்தில் கசௌலியில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. தெற்கே ஒருவரை நாய் கடித்தால் ரயில் பிடித்து, நாடு முழுவதையும் குறுக்கே கடந்து அங்கே போக வேண்டும். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்து இறந்துபோனார். அந்தச் சாவுதான் தெற்குக்கும் ஒரு நிறுவனம் வேண்டும் என்ற பேச்சை எழுப்பியது. அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த பணத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1907 ஏப்ரல் 6 அன்று குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. வடகோடியில் இருந்த மருந்து நீலகிரி வரைக்கும் இறங்கி வந்துவிட்டது.

அடுத்த நகர்வு 1911இல் கசௌலியில் நடந்தது. டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர், நோய் ஏற்றிய மூளைத் திசுவில் ஃபீனால் சேர்த்து, வைரஸைச் சாகடித்து மருந்தாக்கினார். செத்த வைரஸுக்கு நாள்கணக்குக் குடுவை தேவையில்லை, பாட்டிலில் அடைத்து ஊர் ஊராக அனுப்பலாம். பிறகு அதையே ஆட்டு மூளையிலிருந்து ஏராளமாகத் தயாரித்தார்கள். நம் ஊர்களில் மூன்று தலைமுறைக்குத் தெரிந்த 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' இதுதான்.

எங்கள் தெருமுனையில் ஒரு தாத்தா இருக்கிறார். அந்த ஊசி போட்டுக்கொண்டவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள் சொன்னார்:

"எட்டு வயசு இருக்கும் தம்பி. காலைல எங்கப்பா சைக்கிள் பார்ல உக்கார வச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு. வரிசைல நிக்கும்போதே பசங்க அழற சத்தம் கேக்கும். மொத நாள் நானும் அழுதேன். அஞ்சாவது நாள்ல இருந்து அழுவல, சட்டைய நானே தூக்கிக்குவேன். பத்தாவது நாளுக்கு மேல குத்த இடமே இல்லாத மாதிரி வயிறு கெட்டியாப் போச்சு."

சொல்லிவிட்டு வேட்டிக்கு மேலே வயிற்றைத் தடவிக்கொண்டார். அந்த மருந்தில் வலியைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருந்தது. மூளைத் திசுவை உடம்புக்குள் செலுத்துவதால், சிலருக்கு உடம்பே தன் நரம்பைப் பகையாக நினைத்துத் தாக்கி, கை கால் விழுந்துவிடும். அப்படியிருந்தும் ஏராளமானோரைக் காப்பாற்றியது அதுதான். ஆனாலும் அந்தப் பயத்திலேயே பலர் ஊசிக்குப் போகாமல், கடித்த இடத்தில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

மருந்து மூளையை விட்டு வெளியே வந்தது செல் வளர்ப்பால். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களை 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் வளர்க்கத் தொடங்கினார்கள். 'வீரோ' என்று பெயர் பெற்ற அந்தச் செல் வரிசை இன்றும் உலகின் பல ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கிறது. அதில் வைரஸை வளர்த்து, சாகடித்து, சுத்தம் செய்தால் மூளைத் திசுவின் சுவடே இல்லாத மருந்து கிடைக்கும். குன்னூரும் இந்த முறைக்கு மாறியது. 2004 டிசம்பரோடு இந்தியாவில் ஆட்டு மூளை மருந்து தயாரிப்பு நின்றது. இப்போது கையில் நாலைந்து ஊசிகள், அவ்வளவுதான். அரசு மருத்துவமனையில் காசு இல்லாமலே போடுகிறார்கள். பாரிஸுக்கும் கசௌலிக்கும் மனிதர்கள் தேடிப் போன மருந்து, இப்போது மனிதர்களைத் தேடி வந்துவிட்டது.

ஆனால் இந்தப் பயணம் மனிதரோடு முடிவதில்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாயிடமிருந்து வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் வருடத்துக்கு 59,000 பேர் இதனால் சாகிறார்கள் என்றும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்றும் அதன் மதிப்பீடு சொல்கிறது. கடித்த பிறகு மனிதருக்குப் போடும் ஊசி அந்த ஒருவரைக் காப்பாற்றும். நாய்க்குப் போடும் ஊசி, அந்த நாயையும் அது கடித்திருக்கக்கூடிய எல்லாரையும் சேர்த்துக் காப்பாற்றும். 1921இலேயே உமேனோ, டோய் என்ற இரு ஜப்பானியர்கள் நாய்களுக்கான தடுப்பூசியைப் பெருமளவில் போட்டுக் காட்டினார்கள். ஜப்பான் 1950இல் அதைச் சட்டமாக்கியது. 1957க்குப் பிறகு அந்த மண்ணில் நாய்களிடையே வெறிநோய் இல்லை.

ஒரு பகுதியில் இருக்கும் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டே வந்தால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும். எங்கள் தெருவில் பத்து நாய்கள் என்றால் ஏழுக்குப் போட வேண்டும். வெறிபிடித்த நாய் சில நாள்களில் செத்துவிடும். அதற்குள் அது கடிக்கும் நாய்களுக்கு எதிர்ப்பு இருந்தால், நோய் தாவுவதற்கு இடமில்லாமல் அங்கேயே அடங்கும். இது நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. கோவாவில், வருடாவருடம் வீதி வீதியாக வலையோடு போய் நாய்களுக்கு ஊசி போட்டார்கள். 2014க்கும் 2019க்கும் இடையில் நாய்களிடையே வெறிநோய் 92 சதவீதம் குறைந்தது.

கறுப்பனின் குப்பி குன்னூரிலிருந்து வந்ததல்ல. நாய்களுக்கான மருந்து தனி. நம் ஊரில் புழங்குபவற்றில் ஒன்று 'ரக்ஷாரேப்'. அதைத் தயாரிக்கும் ஹைதராபாத் நிறுவனத்தை 1982இல் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் தொடங்கியது, மாடுகளின் கோமாரி நோய்க்குத் தடுப்பூசி செய்வதற்காக. மாட்டுக்காகத் திறந்த கதவு வழியாக நாய்க்கும் மருந்து வந்தது.

ஹைதராபாத்திலிருந்து குளிர்வண்டி, மொத்த வியாபாரியின் குளிரறை, மருந்துக்கடையின் ஃபிரிட்ஜ், அங்கிருந்து ஐஸ் கட்டி வைத்த பெட்டி. வழியில் எந்த இடத்திலும் 8 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. உறைந்தும் போகக்கூடாது. ஃபிரீசருக்குள் வைத்தால் பத்திரம் என்று நினைத்து மருந்தைக் கெடுக்கிறவர்கள் உண்டு.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் இரவில் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு முழங்கால் தண்ணீரில் நின்றது, மின்சாரம் போய்விட்டது. என் ஃபிரிட்ஜில் இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்று மதில் தாண்டி வந்து எங்கள் வீட்டையே தன் வீடாக்கிக்கொண்ட சுந்தரிப் பூனைக்கு, இன்னொன்று தெருவில் திரியும் வெள்ளைப் பெட்டை நாய்க்கு. கரண்ட் திரும்பியபோது உள்ளே வெண்ணெய் உருகிக் கிடந்தது. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நிறம் மாறவில்லை, குலுக்கினால் முன்போலவே கலங்கியது. டாக்டருக்குப் போன் செய்தேன். "கெட்டுப்போனாலும் பார்த்தால் தெரியாது, தூக்கிப் போட்டுடுங்க" என்றார். இரண்டையும் எறிந்தேன். கெட்டுப்போன மருந்தைப் போட்டுவிட்டு, போட்டாச்சு என்று நம்பிக்கொண்டிருப்பது போடாமல் இருப்பதைவிட மோசம். தண்ணீர் வடிந்ததும் புதிதாக இரண்டு வாங்கி, ஐஸ் போட்ட தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் வைத்து மடியில் அணைத்தபடி கொண்டுவந்தேன்.

நாயோ பூனையோ வளர்க்கிறவர்களிடம் நான் கையைப் பிடித்துச் சொல்வது சில விஷயங்கள்தான். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி. டாக்டர் சொல்லும் நாளில் இரண்டாவது. பிறகு வருடம் தவறாமல். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும் கட்டாயம். பூனை கடித்தாலும் இதே நோய் வரும். போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, சில வாரம் ஆகும். கடித்தாலோ, கீறி ரத்தம் வந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி போட்ட நம் வீட்டு நாய்தானே என்று நாமே முடிவு செய்ய வேண்டாம், அதை மருத்துவர் சொல்லட்டும்.

போன முறை டாக்டரை எங்கள் தெருவுக்கே வரச் சொல்லியிருந்தோம். காலை ஏழு மணி, சித்தானந்தா கோயில் பக்கமிருந்து மணிச்சத்தம். ஐஸ் பெட்டி என் வீட்டு வாசலில். கறுப்பனுக்கும் சுந்தரிக்கும் முடிந்தது. தெரு நாய்களை யார் பிடிப்பது? கல்லடி பட்டுப் பழகிய வெள்ளைப் பெட்டை எங்களில் ஒருவரையும் கிட்ட நெருங்க விடவில்லை.

தாத்தாதான் வந்தார். கையில் நாலு பொறை பிஸ்கட். கீழே குந்தி உட்கார்ந்து ஒன்றை உடைத்து நீட்டினார். அது முகர்ந்தது, தின்றது. அடுத்த துண்டுக்குக் கிட்ட வந்தபோது, இடது கையை அதன் கழுத்துக்குக் கீழே கொடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "ஒண்ணும் இல்ல கண்ணு, ஒரே ஒரு ஊசிதான். எனக்குப் பதினாலு" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் பிடரித் தோலைத் தூக்கி ஊசியைச் செருகி எடுத்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பிஸ்கட்டிலேயே கண்ணாக இருந்தது.

அன்று தெருவில் எட்டு நாய்களுக்குப் போட்டோம். வெள்ளைப் பெட்டைக்கு அட்டை கிடையாது. டாக்டர் குப்பியின் சீட்டை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஒட்டுவது என்று பார்த்தார். தாத்தா உள்ளே போய்த் தன் வீட்டு மாதக் காலண்டரைக் கழற்றி எடுத்து வந்தார். அன்றைய தேதிக் கட்டத்தில் ஒட்டச் சொன்னார். ஒட்டியதும் கட்டைவிரலால் தானே இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார்.

"அடுத்த வருஷத் தேதியச் சொல்லுங்க டாக்டர், கீழயே எழுதிக்கிறேன்" என்றார்.