கிளென்மார்கன் நீரும் கராஜ் நூலும்: பொதுக்கொள்கையை ஆராயக் கற்றல்

ஆட்சியாளர் நல்லெண்ணத்தோடு பிறப்பிக்கும் ஓர் ஆணை மக்களுடைய வாழ்வில் இறுதியாக என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதைக் கண்டறிவது தனியொரு கலையாகும். அக்கலையை இன்று பல்கலைக்கழகங்கள் ‘பொதுக்கொள்கை ஆய்வு’ என்னும் பெயரில் கற்பிக்கின்றன. சிக்கலை வரையறுப்பது, யாருக்குப் பயன், யாருக்குச் சுமை என்று கணக்கிடுவது, மாற்றுவழிகளை ஒப்பிடுவது, விளைவை அளந்து திருத்துவது என்று அதன் படிநிலைகளைப் பாடநூல்கள் வகுத்துரைக்கின்றன. ஆயினும் அந்நூல்கள் தரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அயல்நாட்டினவாகவே உள்ளன. நம் மண்ணிலேயே முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவந்த பாடமொன்று இருக்கின்றது. அது நீலகிரி மலையில், கிளென்மார்கனில் தொடங்குகிறது.

மலையிலிருந்து இறங்கிய மின்சாரம்

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் திசையில், மலைப்பீடபூமி சட்டென்று முடிவுறும் விளிம்பில் அமைந்த சிற்றூர் கிளென்மார்கன். ஒருபுறம் தேயிலைத் தோட்டங்கள். மறுபுறம் முதுமலைக் காடும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும். முக்குறுத்தி மலைச்சாரலில் தோன்றும் பைக்காரா ஆற்றின் நீர் இங்கே கொண்டுவரப்பட்டுச் சிறியதோர் அணையில் நிறுத்தப்படுகிறது. அங்கிருந்து இரும்புக் குழாய்கள் வழியே ஏறத்தாழ 3000 அடி கீழே சிங்காரா மின்நிலையத்துக்கு விழுகிறது. அவ்வளவு செங்குத்தான சரிவில் ஆட்களும் கருவிகளும் ஏறியிறங்குவதற்கென்றே மின்வாரியம் ‘விஞ்ச்’ வண்டிப் பாதை அமைத்திருந்தது.

சென்னை மாகாண அரசு 1927இல் மின்சாரத்திற்கெனத் தனித்துறையை நிறுவியது. 1923 முதல் 1928 வரை ஆளுநரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக இருந்த சி. பி. இராமசாமி ஐயர் பைக்காராத் திட்டத்திற்காக உறுதியாக வாதாடினார். தலைமைப் பொறியாளர் எச். ஜி. ஹோவர்டு அதனைச் செயலாக்கினார். 1932இல் மின் உற்பத்தி தொடங்கியது.

கொள்கையை ஆராய்பவர் இங்கே பொறியியல் வெற்றியோடு நின்றுவிடலாகாது. அக்காலத்தில் சென்னை நகரின் மின்வழங்கல் தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. பைக்காராவை அரசே கட்டி, அரசே நடத்தியது. பணம் தரக்கூடிய நகரத்தை மட்டும் நாடித் தனியார் கம்பி செல்லும். கிராமத்துக்கும் கம்பியை நீட்டும் கடமையை அரசிடம் மக்கள் கேட்டுப் பெறலாம். இந்த உடைமை முடிவே பின்னர் நிகழ்ந்த சமூக மாற்றத்திற்கு வழி திறந்தது. விடுதலைக்குப் பின் சென்னை நகர மின்வழங்கலும் அரசுடைமையாயிற்று. 1957இல் மின்வாரியம் பிறந்தது.

கவலை நின்ற காலம்

பைக்காரா மின்சாரம் முதலில் சென்றடைந்த பெருநிலம் கோயம்புத்தூர். மழை குறைந்த அவ்வட்டாரத்தில் வேளாண்மை கிணற்றை நம்பியது. இரண்டு எருதுகளைப் பூட்டித் தோல்பறியால் நீரிறைக்கும் ‘கவலை’ விடியற்காலை முதல் ஓடினால்தான் ஒரு சிறு வயல் நனையும். மின்சாரம் வந்தபின் நூற்பாலைகள் பெருகின. மோட்டாரும் பம்பும் வார்க்கும் பட்டறைகள் அந்நகரிலேயே எழுந்தன. 1950களிலும் 1960களிலும் கிராம மின்மயமாக்கலில் சென்னை மாநிலம் நாட்டின் முன்வரிசையில் நின்றது. எருதின் கழுத்திலிருந்து நுகத்தடி இறங்கியது. ஒரு போகம் விளைந்த நிலத்தில் இரு போகம் விளைந்தது. உழவர் மகன் ஆலைக்கும் கல்லூரிக்கும் சென்றான்.

கிளென்மார்கனில் விழுந்த அதே நீர் சிங்காராவைக் கடந்து மாயாற்றில் கலந்து, 1950களில் இயங்கத் தொடங்கிய மாயாறு மின்நிலையத்தில் மீண்டும் ஒளியாகி, 1955இல் முடிவுற்ற பவானிசாகர் அணையைச் சேர்ந்து சமவெளிக்குப் பாசன நீராகவும் ஆனது. ஒரு பொருளை வீணாக்காமல் மும்முறை பயன்கொண்ட திட்டமிடலை இதில் காண்கிறோம்.

ஆனால் கிணற்றின் அடியில் இருந்த நீரைக் குறித்து எவரும் அத்தகைய கணக்கை எழுதவில்லை.

ஒரு பைசாவும் இலவசமும்

மின்சாரம் உழவின் உயிர்நாடியானபின் அதன் விலை அரசியலாயிற்று. 1970இல் விவசாய மின்கட்டணம் ஒரு யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்த்தப்பட்டபோது நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர் கிளர்ந்தெழுந்தனர். திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் அவ்வாண்டு ஜூன் மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உழவர்கள் உயிரிழந்தனர். 1972இல் மாட்டுவண்டிகள் கோயம்புத்தூர் வீதிகளை அடைத்தன. ஒரு பைசாவுக்காகவா உயிர் கொடுத்தனர் என்று நகரத்தார் வியக்கலாம். விளைபொருளின் விலையைத் தான் தீர்மானிக்க இயலாத உழவனுக்கு, இடுபொருளின் விலையாவது தன்னைக் கேட்டு உயரவேண்டும் என்ற நியாயமே அங்கே பேசியது.

1984இல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. 1990இல் அனைத்து விவசாயிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. 2003இல் கட்டணம் மீண்டும் விதிக்கப்பட்டு, 2004 மக்களவைத் தேர்தலின் முடிவுக்குப் பின் விலக்கப்பட்டது. இலவசம் உழவனைக் கடனிலிருந்து ஓரளவு காத்தது என்பதை எவரும் மறுக்கலாகாது. எனினும் கட்டணத்தோடு சேர்ந்து மின்கணிப்பியும் வயலை விட்டுப் போயிற்று. கிணற்று மேட்டில் எத்தனை யூனிட் செலவாகிறது என்பது அதன்பின் மதிப்பீடாகவே கூறப்படலாயிற்று. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் கணிப்பியின்றி மின்சாரம் வழங்கலாகாது என்றும், மானியம் தரும் அரசு அதனை முன்கூட்டியே செலுத்தவேண்டும் என்றும் விதித்தது. அளக்கப்படாத பயனீட்டுக்கு எவ்வளவு மானியம் என்பதை மதிப்பீட்டைக் கொண்டுதான் சொல்ல முடிந்தது. உழவன் பயன்படுத்தியது எது, கம்பியில் கசிந்தது எது, களவு போனது எது என்று பிரித்தறியவும் இயலாமற் போயிற்று.

இச்சலுகை யாரைச் சென்றடைந்தது என்று பார்ப்போம். நிலமும் கிணறும் இணைப்பும் உடையவருக்கு அது முழுமையாகக் கிட்டியது. பத்துக் குதிரைத்திறன் மோட்டார் உடையவர் மூன்று குதிரைத்திறன் உடையவரைவிட அதிகம் பெற்றார். நிலமற்ற கூலித் தொழிலாளிக்குக் குடிசையில் ஒரு விளக்கு. இணைப்புக்கு விண்ணப்பித்த உழவரோ ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்றார். ஒரு லட்சம் புதிய இணைப்புகளை வழங்கும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டபோது, நிலுவையில் இருந்த விண்ணப்பங்கள் 4 லட்சத்துக்கும் மேல்.

நிலத்தடி நீரோ ஆழத்திற்கு இறங்கிக்கொண்டே சென்றது. 2020ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1166 குறுவட்டங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை அளவுமீறி நீர் உறிஞ்சப்பட்டவையாக வகைப்படுத்தப்பட்டன. நீர் இறங்கும்போது முதலில் வறள்வது ஆழங்குறைந்த ஏழையின் கிணறு. ஆழ்துளை இறக்க வசதியுள்ளவர் அதன் பின்னும் இலவச மின்சாரத்தால் இறைத்துக்கொள்கிறார். எளியவரைக் காக்கவே வந்த கொள்கை, தன் இரண்டாம் தலைமுறையில் எளியவரின் கிணற்றையே வற்றச் செய்யும் நிலை இவ்வாறு உருவாயிற்று. இதனைச் செய்தவர் எவரும் தீயவரல்லர்; விளைவை அளந்து காட்டும் கருவி கொள்கைக்குள் இல்லாமற் போயிற்று.

அளவை முன், வரி பின்

இச்சிக்கல் புதியதன்று. ஹாரூன் ரஷீத் (ஆட்சி: 786–809) கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தலைமை நீதிபதி இமாம் அபூ யூசுஃப் (மறைவு: 798) எழுதிய ‘கிதாபுல் கராஜ்’, நிலவரி, நீர்ப்பாசனம், வரி வசூலிப்போரின் ஒழுக்கம் ஆகியவற்றை ஆட்சியாளருக்கு எடுத்துரைக்கும் நூலாகும். அரபுக் கல்லூரிகளில் இதனை ஃபிக்ஹு நூலாக மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். கொள்கை ஆய்வு நூலாக வாசித்தால் அதன் ஆழம் வேறுவகையில் புலப்படும்.

இராக் வெற்றிகொள்ளப்பட்டபின், ஸவாது எனப்பட்ட அதன் வளமிக்க நிலங்களைத் தங்களுக்குப் பங்கிட்டுத் தருமாறு போர்வீரர் சார்பில் கோரிக்கை எழுந்தது. மூத்த நபித்தோழர் சிலரும் அதனை ஆதரித்தனர். கலீஃபா உமர் (ரலி) உடன்படவில்லை. இன்றிருப்போர் பங்கிட்டுக்கொண்டால் நாளை வருவோருக்கு எஞ்சுவது என்ன என்பதே அவர்களுடைய வினாவாக இருந்தது. கருத்துவேறுபாடு நீண்டபோது அன்சாரிகளுள் பதின்மரை அழைத்துக் கலந்தாலோசித்தார்கள். நிலம் பங்கிடப்படாமல் பொதுவருவாய்க்கு உரியதாயிற்று. பின்னர் உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) நிலத்தை அளக்க அனுப்பப்பட்டார்; 3 கோடியே 60 லட்சம் ஜரீப் என்ற அளவை அபூ யூசுஃப் பதிவுசெய்கிறார். அளந்த பின்னரே, பயிருக்குப் பயிர் வேறுபட்ட வரி விதிக்கப்பட்டது. தம் வாழ்வின் இறுதி நாள்களில் உமர் (ரலி) அளவையாளரை அழைத்து, நிலம் தாங்கக்கூடியதற்கு மேல் அதன்மீது சுமத்திவிட்டீர்களோ என்று வினவியதையும் வரலாறு குறித்துவைத்துள்ளது. தாம் வகுத்த கொள்கையைத் தாமே மறுபரிசீலனை செய்த ஆட்சியாளரை இங்கே காண்கிறோம்.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின் நிலைமை மாறியிருந்தது. பல நிலங்கள் தரிசாயின, விலைகள் ஏறியிறங்கின, பரப்புக்கு இவ்வளவு என்ற நிலையான வரி உழவரை வாட்டியது. அபூ யூசுஃப் முன்னோர் முறை என்று அதனைக் கட்டிக்காக்கவில்லை. விளைச்சலில் பங்கு பெறும் ‘முகாஸமா’ முறையைப் பரிந்துரைத்தார். அதிலும் தானே பாயும் நீரால் விளைந்த கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் ஐந்தில் இரு பங்கு என்றும், கருவி கொண்டு இறைத்த நீரால் விளைந்ததற்கு ஐந்தில் ஒன்றரைப் பங்கு என்றும் வேறுபடுத்தினார். நீரிறைப்பவனின் உழைப்பையும் செலவையும் எட்டாம் நூற்றாண்டிலேயே கணக்கில் கொண்ட நீதி இது. பரப்பை அளப்பதா, விளைச்சலை அளப்பதா என்ற தேர்வே சுமை யார் தோளில் விழும் என்பதைத் தீர்மானிக்கிறது என அவர் உணர்ந்திருந்தார். குதிரைத்திறனை எண்ணுவதா, யூனிட்டை அளப்பதா என்ற நம் காலத்து வினாவும் அதே இனத்தைச் சேர்ந்ததே.

வகுக்கும் வழி

மின்கணிப்பி பொருத்தினால் நாளை கட்டணச்சீட்டு வரும் என்று உழவர் அஞ்சுகின்றனர். 1970ஐ நினைவில் வைத்திருப்போரின் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆகவே அளப்பதையும் விலை விதிப்பதையும் ஒன்றோடொன்று பிணைக்காத வழியைக் கொள்கை வகுப்போர் தேடவேண்டும்.

அண்மைக்காலத்தில் இரு முயற்சிகள் கவனத்திற்குரியன. குஜராத் மாநிலம் 2003க்கும் 2006க்கும் இடையில் ‘ஜோதிகிராம்’ திட்டத்தின்கீழ் வீடுகளுக்கும் வயல்களுக்கும் தனித்தனி மின்பாதை அமைத்தது. வீடுகளுக்கு நாள் முழுவதும் மின்சாரம் கிட்டியது. வயலுக்கு எட்டு மணி நேரம் முழுவலுவுடன் வழங்கப்பட்டது. ஆயினும், கிணற்றுக்காரரிடம் நீரை விலைக்கு வாங்கிப் பயிரிட்ட குத்தகைதாரரும் நிலமற்றோரும் அதனால் இடருற்றனர் என்று ஆய்வாளர் சுட்டினர். பஞ்சாபில் 2018இல் தொடங்கிய திட்டமொன்று, இலவசத்தை நீக்காமலே ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் அளவை ஒதுக்கி, அதற்குக் குறைவாகச் செலவிடுவோருக்கு மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் நான்கு ரூபாய் வழங்க முன்வந்தது. அங்கே கணிப்பி உழவனுக்கு வருவாய் காட்டும் கருவியாக மாறியது. முன்னது குத்தகைதாரரை எண்ண மறந்தது. பின்னது இணைப்பில்லாதவரைத் தொடவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே கொள்கை ஆய்வின் பயிற்சி.

நம் கல்லூரி மாணவர் இப்பயிற்சியைச் சொந்த ஊரிலேயே தொடங்கலாம். தம் சிற்றூரில் எத்தனை கிணறுகள், அவற்றின் ஆழம் இருபது ஆண்டுகளில் எவ்வளவு இறங்கியது, எத்தனை மோட்டார்கள், யார் இணைப்புக்காகக் காத்திருக்கிறார், யார் நீரை விலைக்கு வாங்குகிறார், கிணறு வற்றியபின் யார் நிலத்தை விற்றார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கட்டும். பொருளியல் பயில்வோரும் ஃபிக்ஹு பயில்வோரும் சேர்ந்தமர்ந்து அக்கணக்கை வாசிக்கட்டும். அவ்வாறு திரட்டிய கணக்கோடு ஒரு குடிமகன் அதிகாரியின் முன் நிற்கும்போது அவன் குரல் வெறும் முறையீடாக ஒலிக்காது. கொள்கையைத் திருத்தும் சான்றாகக் கேட்கப்படும்.

மலைநீரை மும்முறை பயன்கொள்ளத் தெரிந்த நாம் கிணற்றுநீரை ஒருமுறை எண்ணவும் கற்கவேண்டும். நிலம் தாங்குமா என்று தம் அளவையாளரிடம் உமர் (ரலி) கேட்ட கேள்வியை, ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின்போதும் ஆட்சியாளரிடம் கேட்கும் உரிமையும் கடமையும் குடிமக்களுக்கு உண்டு. கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும்.