தேட்டம் (யாழ்ப்பாணம்)

யாழ்ப்பாணக் குடாநாட்டில், கைக்கு வந்த பொருளை உடனே துய்த்துவிடாது, மகளின் விவாகத்தையும் முதுமையையும் மழை பொய்க்கும் ஆண்டையும் முன்னிட்டுச் சேர்த்துவைக்கும் வழக்கமும், அவ்வாறு சேர்ந்த ஆதனமும் தேட்டம் எனப்படும். வற்றாத ஆறொன்று இல்லாத சுண்ணாம்புக்கல் நிலத்திலே, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையையும் கிணற்றையும் நம்பி உழைத்த குடிகளுக்கு இவ்வழக்கத்தை மண்ணே கற்பித்ததன்றி, ஆங்கில உத்தியோகமோ பாதிரிமார் பாடசாலையோ கொண்டுவந்ததன்று.

பனையே இதற்கு முதற் சான்று. பயன் தருவதற்குப் பதினைந்து ஆண்டளவு காக்கவைக்கும் இம்மரம், வைரமேறி வளையும் சலாகையுமாகக் கூரையேறுவதற்குள் நட்டவரின் காலம் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தைத் தின்றே தீர்த்துவிடாமல், களியைப் பிசைந்தெடுத்துப் பாயிலே படைபடையாக ஊற்றி வெயிலிற் காயவிட்டுப் பனாட்டாக்குவர். விதையைப் பாத்தியில் அடுக்கி, தை மாசியிற் கிழங்கு கிண்டி, பச்சையாகப் பிளந்து உலர்த்தியதை ஒடியலென்றும் அவித்து உலர்த்தியதைப் புழுக்கொடியலென்றும் வகுத்துப் பேணுவர். அரிசி அருகிய மாதங்களை ஒடியல்மாப் பிட்டும் கூழும் கடத்திவிட்டன.

இவ்வழக்கத்துக்குச் சட்டவடிவம் தந்தது தேசவழமை. ஒல்லாந்த தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சீமோன்ஸின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுக்க, பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பிய இந்நூலுக்கு, ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் பிரமாணத்தால் வலுவளித்தனர். இது ஆதனத்தை மூன்றாக வகுக்கிறது: கணவன்வழி வந்த முதுசம், மனைவி கொணர்ந்த சீதனம், விவாகத்தின்பின் இருவரும் ஈட்டிய தேடியதேட்டம். பண்டை முறையில் முதுசம் ஆண்மக்களையும், சீதனம் பெண்மக்களையும், தேடியதேட்டம் இருபாலாரையும் சேர்ந்தது. முதுசத்திலும் சீதனத்திலும் விவாககாலத்தில் விளைந்த வருமானமும் தேடியதேட்டமாகவே எண்ணப்பட்டது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இக்கருத்தைத் தழுவிற்று. மணமாகாத மகனின் சம்பாத்தியம், அவன் அணியும் பொன் வெள்ளி ஆபரணங்கள் நீங்கலாக, குடும்பப் பொதுச்சொத்திற் சேரவேண்டுமென்ற பழைய விதி இங்கே கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தார் சிக்கனம் என்று பின்னையோர் வியந்து பேசுவதிற் பெரும்பங்கு, தங்கைமார் கரையேறும்வரை தம் விவாகத்தைத் தள்ளிப்போட்ட தமையன்மாரின் உழைப்பேயாகும். கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக நிலத்தின் விளைவை அனுபவிக்கும் ஒற்றியும் இந்நூலில் இடம்பெறுகிறது. காசுள்ளவர் நிலத்தை நெருங்கியது இவ்வழியாலேயே. சொந்தக் காணியில்லாது பிறர் பனையிலும் வயலிலும் உழைத்தோர்க்கு ஒத்திவைக்க இன்பமும் இல்லை, ஒற்றிவைக்க நிலமும் இல்லை. அவர்களைப்பற்றித் தேசவழமை பேசுவது அடிமைகள் என்ற தலைப்பிலேயாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாய் நாட்டு இருப்புப்பாதை, அரசாங்கக் கந்தோர்களிற் சேர்ந்தோர் அனுப்பிய காசு, கல்வீடாகவும் தோட்டக்காணியாகவும் சீதனமாகவும் மாறிற்று; ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’ மாப்பிள்ளை தேடுவோர்க்கு முன்மாதிரியானார். ஊருக்குள்ளோ, பெண்கள் ஏலச்சீட்டும் குலுக்குச்சீட்டும் பிடித்தனர். 1911இன் கூட்டுறவுக் கடன்சங்கச் சட்டத்தை அடுத்து ஐக்கிய நாணய சங்கங்கள் பரவின; புகையிலைச் செய்கையாளருக்கு 1934இல் யாழ்ப்பாண மலையாளப் புகையிலை விற்பனவுச் சங்கமும், 1936இல் மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையும் தோன்றின.

1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமத்தார் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது, வீடாகவும் காணியாகவும் சேர்த்தவர் உறுதிக்கட்டை மாத்திரமே எடுத்துச்செல்ல முடிந்தது. நகையாகச் சேர்த்தவர் அதை விற்று உண்டனர். இன்று வெளிநாட்டுக் காசும் நகை அடகும் லீசிங் மோட்டார் சைக்கிளும் மிகுந்துள்ளன. 2022இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதால், வங்கியில் ரூபாவாக வைப்பிலிட்டவர் நட்டமடைந்தனர்.